காட்டுத்தீயில் வீடிழந்தவர்களுக்குத் துணியும் பொருளும்: பிரிக்கும் மேசையில் நின்று கற்றவை

அடுத்த ஊரின் குடியிருப்புகளுக்குள் காட்டுத்தீ புகுந்த மறுநாள் காலையில், நான் என் வீட்டு அலமாரிகளைத் திறந்து கைக்கு எட்டிய துணிகளையெல்லாம் பைகளில் நிரப்பினேன். முந்தைய இரவு முழுவதும் வானம் செம்மஞ்சள் நிறத்தில் இருந்ததையும், உடுத்திய உடையோடு வண்டிகளில் ஏறி வந்தவர்களையும் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. மொத்தம் பதினொரு பைகள் சேர்ந்தன. அவற்றை ஏற்றிக்கொண்டு நிவாரணப் பொருட்களைப் பெற்றுக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுக் கூடத்திற்குச் சென்றபோது, பொருள் கொடுக்க வந்தவர்களின் வாகன வரிசை, பொருள் வாங்க வந்தவர்களின் வரிசையைவிடப் பல மடங்கு நீளமாக இருந்தது.

வாசலில் நின்ற பொறுப்பாளர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்: பைகளில் என்ன இருக்கிறது, யாருக்குப் பொருந்தும் அளவுகள்? இரண்டுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே ஏற்கெனவே வந்து குவிந்திருந்த பைகள் சுவரோரமாக ஆள் உயரத்திற்கு மேல் அடுக்கப்பட்டிருந்தன. அவர் கோபப்படவில்லை. பைகளை விட்டுச் செல்வதானால் பிரிப்பதற்கு ஒரு மணி நேரம் கைகொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். அன்று மாலைவரை இருந்தேன். அடுத்து வந்த எட்டு மாதங்களில் பெரும்பாலான வார இறுதிகளை அந்தக் கூடத்திலும், பின்னர் அது இடம்பெயர்ந்த கிடங்கிலும் கழித்தேன். இங்கே எழுதுபவை பெரும்பாலும் அந்த மேசையின் முன் நின்று கற்றவை.

முதலில், ஒரு பை உள்ளே வந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் அதைத் திறந்து, ஒவ்வொரு துணியையும் விரித்து, கறை, கிழிசல், பொத்தான், ஜிப் ஆகியவற்றைப் பார்த்து, முகர்ந்து, ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, அளவுச் சீட்டைத் தேடி, மடித்து, பெட்டியிலிட்டு, பெட்டியின் மேல் எழுதி, உரிய இடத்திற்குச் சுமந்து செல்ல வேண்டும். என் பதினொரு பைகளை நானும் இன்னொரு தன்னார்வலரும் சேர்ந்து பிரிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. அவற்றில் நான்கு பை அளவுக்கான துணிகள்தாம் ஒருவருக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடியவையாக இருந்தன. மீதியில் விழாக்களுக்கு மட்டும் உடுத்தும் ஆடைகளும், கழுத்துப்பட்டை நைந்த சட்டைகளும், எப்போதோ சரிசெய்யலாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த கால்சட்டைகளும், ஜோடி இல்லாத ஒரு காலணியும் கிடந்தன. அந்த மூன்று மணி நேரத்தில் வாசலில் ஒரு முதியவர் படிக்கும் கண்ணாடி கிடைக்குமா என்று கேட்டுக் காத்திருந்தார். அவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததற்கு என் பைகளும் ஒரு காரணம் என்பதை அப்போது உணர்ந்தேன்.

கேட்காமல் வந்து குவியும் பொருட்களை நிவாரணப் பணியில் நெடுநாள் இருப்பவர்கள் ‘இரண்டாம் பேரிடர்’ என்று குறிப்பிடுகிறார்கள். முதலில் கேட்டபோது அது நன்றி இல்லாத சொல்லாக எனக்குப் பட்டது. எவ்வளவு குவிகிறது என்பதை அறிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று பரவிய தீயில் 173 பேர் இறந்தார்கள். அதன் பின்னர் நாடெங்கிலுமிருந்து வந்த பொருட்கள், சரக்கை அடுக்கி ஏற்றி இறக்கும் பலகைத் தட்டுகள் ஏறத்தாழ 40,000-ஐ நிரப்பின, அவற்றை வைக்க 50,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட கிடங்கு இடம் தேவைப்பட்டது. அத்தனை இடத்துக்கும், ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கும், மிஞ்சியதை அப்புறப்படுத்துவதற்கும் நிவாரணப் பணத்திலிருந்தோ அரசுப் பணத்திலிருந்தோதான் செலவழிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தொடங்கிய தீ விபத்துகளில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அங்கும் சில நாட்களுக்குள்ளாகவே பல மையங்கள், இனித் துணிகளைக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தன.

துணியே ஏன் இவ்வளவு குவிகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் உபரியாக இருப்பதும், எடுத்துக் கொடுக்க எளிதானதும் அதுதான். அதோடு, எரியும் வீடுகளைப் பார்த்த நெஞ்சின் பதைப்பைத் தணிக்க, கையால் செய்யக்கூடிய ஒரு வேலையும் அது. அந்தப் பதைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் எந்த உதவியும் தொடங்காது. ஆனால் நமக்குக் கொடுக்கத் தோன்றும் நாளும் அவர்களுக்குத் தேவைப்படும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நான் கற்றவற்றில் மிக முக்கியமானது இதுவே, மற்ற பாடங்கள் அனைத்தும் இதிலிருந்துதான் கிளைத்தன.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். தீக்கு அஞ்சி வெளியேறியவர்கள் எல்லோரும் வீட்டை இழந்தவர்கள் அல்லர். கனடாவின் ஃபோர்ட் மெக்மரி நகரிலிருந்து 2016 மே மாதத்தில் ஏறக்குறைய 88,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எரிந்த கட்டடங்கள் ஏறத்தாழ 2,400. வெளியேறியவர்களில் பெரும்பாலானோருக்கு வேண்டியிருந்தது திரும்பிச் செல்லும்வரை சில வாரங்களைக் கடத்தத் தேவையான பொருட்கள். மற்றவர்களுக்கோ ஒரு கரண்டியிலிருந்து தொடங்கி ஒரு வீட்டையே மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் இந்த இரு வகையினரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள், தங்கள் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்கே அப்போது தெரிவதில்லை. ஆகவே அந்த வாரத்தில் பெரிய பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் பொருளில்லை.

வைக்க இடமில்லை என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டை இழந்தவர் அன்றிரவு முகாமின் கட்டிலிலோ, உறவினர் வீட்டு வரவேற்பறையிலோ, விடுதி அறையிலோ, தன் காரிலேயோ படுக்கிறார். 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீயில் 85 பேர் உயிரிழந்தனர், 18,000-க்கும் அதிகமான கட்டடங்கள் எரிந்தன. தப்பியவர்களில் பலர் பக்கத்து நகரான சிக்கோவில் ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்துமிடத்தில் கூடாரமடித்துத் தங்கினார்கள். அந்த மாதப் பிற்பகுதியில் பெய்த மழை தீயை அடக்க உதவியது. ஆனால் திறந்த வெளியில் இருப்பவருக்கு மழை வந்தால் கையிலிருக்கும் ஒவ்வொரு துணியும் காய வைக்க இடமில்லாத சுமையாகிவிடுகிறது. எங்கள் மையத்திற்கு வந்த ஒருவர் இரண்டு சட்டைகளைத் தேர்ந்தெடுத்தபின் மூன்றாவதை மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தினேன். நால்வரும் ஒரே காரில் இருப்பதாகவும், மூன்றாவது சட்டையை வைத்தால் குழந்தை கால் நீட்டும் இடம் குறையும் என்றும் அமைதியாகச் சொன்னார். அதன் பிறகு நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. அவருக்கு அப்போது தேவைப்பட்டது பூட்டக்கூடிய ஒரு பெட்டி. எங்களிடம் ஆயிரக்கணக்கான சட்டைகள் இருந்தன, அப்படி ஒரு பெட்டிகூட இல்லை. நல்ல நிலையிலுள்ள பயணப் பெட்டியும் முதுகுப்பையும் முதல் இரு வாரங்களில் எத்தனை வந்தாலும் தீர்ந்துவிடுகின்றன.

அந்த முதல் நாட்களில் உண்மையில் கேட்கப்பட்டவை சிறு பொருட்கள்: பிரிக்காத உறையில் உள்ளாடைகள், காலுறைகள், மாதவிடாய்ப் பஞ்சுகள், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்குமான டயப்பர்கள், பல் துலக்கி, சீப்பு, நகவெட்டி, படிக்கும் கண்ணாடி, கைப்பேசி மின்னேற்றி, காது கேட்க உதவும் கருவிக்கான சிறு மின்கலங்கள், செல்லப்பிராணிகளுக்கான கயிறும் கூண்டும். காகிதங்களைப் பத்திரப்படுத்தும் உறைகளையும் இதில் சேர்க்க வேண்டும். காப்பீடு, அடையாள அட்டை, பள்ளி மாற்றம் என்று ஒவ்வொரு நாளும் புதிய காகிதங்கள் சேரும்போது அவற்றை வைக்க ஓர் உறை இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர்கள் முகங்களில் பார்த்தேன். உள்ளாடையும் காலுறையும் புதியவையாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் எந்த விதிவிலக்கையும் ஏற்க மாட்டேன்.

பயன்படுத்திய துணிகளே கொடுக்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. மையம் கேட்டிருந்தால், கேட்ட வகையைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பெண்களின் மேலாடைகளும் சிறு குழந்தைகளின் உடைகளும் நிரம்பி வழியும். ஆண்களின் கால்சட்டைகள், பெரிய உடல்வாகினருக்கான அளவுகள், பதின்ம வயதினருக்கு ஏற்றவை, வேலைக்கு அணியும் கெட்டியான காலணிகள் ஆகியவை எப்போதும் பற்றாக்குறையில் இருக்கும். கட்டட வேலை செய்யும் ஒருவர் இரும்பு முனைக் காலணி இல்லாததால் ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். வீட்டோடு வருமானமும் நின்றுவிட்ட அந்த வாரத்தில், அவருக்குப் பத்துச் சட்டைகளைவிட அந்த ஒரு ஜோடி காலணி பெரிதாக இருந்தது.

கொடுக்கும் துணியைத் துவைத்து நன்றாகக் காய வைத்து, ஒரு பெட்டியில் ஒரே வகையை, முடிந்தால் ஒரே அளவை மட்டும் வைத்து, பெட்டியின் இரண்டு பக்கங்களிலும் தடித்த எழுத்தில் உள்ளே இருப்பதை எழுதிக் கொடுத்தால், அது பிரிக்கும் மேசையைத் தாண்டி நேராக அலமாரிக்குச் சென்றுவிடும். காலணிகளின் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து வைக்க வேண்டும். பிரிந்த ஜோடிகளைத் தேடுவதில் நாங்கள் இழந்த நேரம் கொஞ்சமல்ல. கறுப்புப் பைகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அவசரத்தில் அவை குப்பைப் பைகளோடு கலந்துவிடுகின்றன. தீ நடந்த பகுதிக்கு அருகில் வசிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வீடு தப்பியிருந்தாலும் புகை அலமாரிக்குள் புகுந்து துணிகளில் தங்கியிருக்கும், அங்கேயே இருப்பவருக்கு அந்த நெடி பழகிவிடுவதால் தெரிவதில்லை. எங்கள் கூடத்தில் ஒரு பெட்டியைத் திறந்ததும், அருகில் நின்ற ஒரு சிறுமி அந்த வாசனையில் அழத் தொடங்கினாள். அன்றிலிருந்து புகை நெடியுள்ள பெட்டிகளை வெளியிலேயே திறந்து பார்த்தோம்.

தொடக்கத்தில் துணிகளை நீண்ட மேசைகளில் கொட்டி வைத்தோம். மூன்றாம் நாள், துணிக்கடையில் வேலை பார்த்த அனுபவமுள்ள ஒரு தன்னார்வலர் கம்பிகளையும் மாட்டிகளையும் கொண்டுவந்து, அளவு வாரியாகத் தொங்கவிட்டு, ஒரு மூலையில் திரை கட்டி, ஆளுயரக் கண்ணாடி ஒன்றையும் வைத்தார். அந்த ஒரு மாற்றத்தால் கூடத்தில் பேச்சின் ஒலியே மாறிவிட்டது. குவியலில் தலை குனிந்து தேடியவர்கள் நிமிர்ந்து நின்று நிறம் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் கருத்துக் கேட்டார்கள். எல்லாவற்றையும் இழந்த ஒருவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது துணியைவிடப் பெரிய பொருள் என்று நான் நம்புகிறேன். ஒரு பதினைந்து வயதுப் பையன் நல்ல மேலங்கி ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு மீண்டும் மாட்டிவிட்டான். அதே பள்ளியில் படிக்கும் யாருடைய வீட்டிலிருந்து வந்ததோ, யாராவது அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது என்று தன் தாயிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகு பதின்ம வயதினருக்கு வெளியூரிலிருந்து வந்த துணிகளையும், புதிய துணி வாங்கிக்கொள்ளக் கடை அட்டைகளையும் தனியே எடுத்து வைத்தோம்.

நல்லெண்ணத்தோடு வந்தாலும் வாங்கிக்கொள்ள முடியாத பொருட்கள் சில உண்டு. காரில் குழந்தையை அமர்த்தும் பாதுகாப்பு இருக்கைக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. விபத்தில் சிக்கிய இருக்கை வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம், அதன் வரலாறு தெரியாமல் இன்னொரு குழந்தையை அதில் உட்கார வைக்க முடியாது. தலைக்கவசத்துக்கும் இதே காரணம் பொருந்தும். பக்கவாட்டுக் கம்பித் தடுப்பைக் கீழே இறக்கும் வகைக் குழந்தைக் கட்டில்கள், குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011 முதல் விற்பனைக்குத் தடை செய்யப்பட்டவை. பழைய கட்டில்களைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுக்கும்போது இதைப் பார்ப்பது அவசியம். பயன்படுத்திய மெத்தைகளும் தலையணைகளும் மூட்டைப்பூச்சி அச்சத்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படும். மீந்த மருந்துகளை எந்த நிலையிலும் கொடுக்கக்கூடாது. மருந்து இழந்தவருக்கு மருந்தகத்திலிருந்து புதிய மருந்து பெற உதவுவதே சரியான வழி.

ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில், எரிந்த இடங்களுக்குச் சென்று பார்க்க அனுமதி கிடைத்தபோது தேவைகள் ஒரே நாளில் மாறின. முந்தைய நாள்வரை உடை கேட்டவர்கள் மறுநாள் சல்லடை கேட்டார்கள். சாம்பலில் எஞ்சியிருக்கும் ஏதாவது ஒன்றைத் தேடுவதற்கு மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்த சல்லடையும், சிறு மண்வாரியும், வாளியும், தடித்த கையுறையும், முழுநீளப் பூட்ஸும், என்95 முகக்கவசமும், ஒருமுறை அணிந்து எறியும் மேலுடையும், கண்களை மூடும் கண்ணாடியும் வேண்டியிருந்தன. மரம் மட்டும் எரிந்த சாம்பலும் வீடு எரிந்த சாம்பலும் ஒன்றல்ல. பழைய வண்ணப்பூச்சு, மின்கருவிகள், மின்கலங்கள், கூரைத் தகடுகள் எல்லாம் எரிந்ததால் அதில் ஈயம், ஆர்செனிக், ஆஸ்பெஸ்டாஸ் போன்றவை இருக்கக்கூடும். துணியாலான முகமூடி இதற்குப் போதாது. நச்சுப் பொருட்களை அகற்றும் குழுவினர் வந்து முடித்துவிட்டார்களா, காப்பீட்டுக்கான படங்கள் எடுத்தாயிற்றா என்று கேட்ட பிறகே சல்லடையைக் கொடுத்தோம். ஒரு தம்பதி நாள் முழுதும் சலித்து, பாதி உருகிய ஒரு பீங்கான் கோப்பையோடு திரும்பி வந்து அதைச் சுற்றி வைக்க மென்மையான துணி கேட்டார்கள். துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். என் பதினொரு பைகளிலிருந்து யாருக்காவது சரியான நேரத்தில் சென்று சேர்ந்ததாக எனக்குத் தெரிந்தது அந்தத் துண்டு ஒன்றுதான்.

பணமாகக் கொடுப்பதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பணம் கொடுப்பதில் ஏதோ நெருக்கம் குறைவதாகப் பலரும் உணர்கிறார்கள்; நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பணத்திற்குக் கிடங்கு வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம், இன்று காலணியாகவும் நாளை மருந்தாகவும் அடுத்த வாரம் முன்பணமாகவும் அது மாறிக்கொள்ளும். ஹவாய் தீவுக்கூட்டத்தின் மௌயி தீவில், லஹைனா நகரம் 2023 ஆகஸ்ட் 8 அன்று எரிந்து நூறு பேர் அளவில் உயிரிழந்தார்கள். தீவாகையால் அங்கே வெளியிலிருந்து செல்லும் எந்தப் பெட்டியும் கப்பலிலோ விமானத்திலோதான் போயாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்திற்கு ஒரு பெட்டிப் பழந்துணியை அனுப்ப ஆகும் செலவை அங்குள்ள ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தால், அவர்கள் வேண்டியதை வாங்குவார்கள், தீயால் வணிகம் நின்றுபோன உள்ளூர்க் கடைக்காரருக்கும் அது வருமானமாகும். பணம் கொடுக்கும் முன் அந்த அமைப்பு தீக்கு முன்பிருந்தே இயங்கி வந்ததா, கணக்கைப் பொதுவில் வைக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பெருந்தீயின் பின்னும் அவசரமாக முளைக்கும் போலி வசூல்களும் உண்டு.

பொருளாகவே கொடுக்க விரும்புபவர்களிடம் நான் இப்போது கேட்டுக்கொள்வது, கட்டி எழுதி வைத்த பெட்டியைத் தம் வீட்டிலேயே சில மாதங்கள் வைத்திருங்கள் என்பதுதான். மூன்றாம் மாதத்தில் எங்கள் மையத்தின் முன் ஒரு வாகனம்கூட நிற்கவில்லை; ஆனால் அப்போதுதான் குடும்பங்கள் வாடகை வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தன. படுக்கை விரிப்பு, பாத்திரங்கள், கத்தி, துடைப்பம், குப்பைக்கூடை, விளக்கு, திருப்புளி, சுத்தியல் என்று ஒரு வீட்டின் முதல் நாளுக்கு வேண்டியவை ஒவ்வொன்றும் அப்போதுதான் கேட்கப்பட்டன. குளிராடைகளும் அப்படியே. தீ பெரும்பாலும் வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் வருவதால் மெல்லிய உடையோடு ஓடி வந்தவர்களுக்குக் கம்பளிச் சட்டை எரிந்துபோனது குளிர் வரும்வரை நினைவுக்கு வருவதில்லை. குளிர் வரும்போது பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டிருக்கும். நாங்கள் கிடங்கின் ஒரு பகுதியை முன்கூட்டியே குளிராடைகளுக்கென்று ஒதுக்கியது, அந்த ஆண்டு நாங்கள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

எட்டாம் மாதத்தில், இரண்டு குழந்தைகளோடு புதிய வாடகை வீட்டுக்குச் சென்றிருந்த ஒரு பெண் கிடங்கிற்கு வந்தார். முதல் வாரத்தில் எங்களிடம் உடை வாங்கியவர்தான். இம்முறை அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் நான்கு சன்னல்களின் அகலமும் உயரமும் எழுதப்பட்டிருந்தன. இரவில் வெளியே வெளிச்சம் தெரிந்தால் சின்னவள் தீ என்று நினைத்து எழுந்துவிடுகிறாள், அதனால் கெட்டியான திரைச்சீலைகள் கிடைக்குமா என்று கேட்டார். கிடங்கு முழுவதும் தேடியும் ஒரு திரைச்சீலைகூட இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி, பெட்டிகளை வீட்டிலேயே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைத்து அளவுகளைப் படித்துக் காட்டினேன். ஆறாவதாக அழைத்தவர், சற்றுப் பொறுங்கள், அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு அளவுநாடா எடுக்கச் சென்றார்.